குழாய்க் கால்

ஜனவரி 20

அன்புத் தம்பி மொட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வந்த இடுப்பு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் பிரித்த இடம் நன்றாகக் காய்ந்துவிட்டதா? உன் வீட்டுக்காரி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குக் கீழே படுத்துப் படுத்து அவள் பாதியாகிவிட்டாள்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ‘நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் இனி கடிதம்தான்.

சொல்வதைக் கவனமாகக் கேள். அந்த லாரிக்காரன் உன் காலைக் கொண்டுபோனாலும் முழங்காலை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கால் செய்யும் எங்கள் பட்டறைக்கு முழங்கால் தப்பியவர்கள் வந்தால் எங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது நேராக நீள வேண்டும். நீண்டால்தான் நான் செய்யும் காலில் நீ நிற்கலாம். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதே. சுகமாக இருக்கும், தெரியும், வைக்காதே. காலையிலும் மாலையிலும் குப்புறப் படு. உட்கார்ந்தால் பலகை போட்டு நீட்டி வை. மடங்கியே கிடந்தால் முழங்கால் அப்படியே இறுகிவிடும். அப்புறம் நான் தலைகீழாக நின்றாலும் நீட்ட முடியாது.

இனி கால் விஷயம். எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் குழாய்க் கால்தான் கொடுப்போம். மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் வெறும் இரும்புக் குழாய், கீழே ரப்பர் பாதம். அதைப் போட்டுக்கொண்டு சில மாதம் நடந்து பழகுவார்கள். மீதிக் கால் வற்றி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அசல் கால். உனக்கு அந்தக் குழாய் வேண்டாம். அதை மாட்டிக்கொண்டு நீ கடையில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. உனக்கு எடுத்த எடுப்பிலேயே அசல் கால். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது பெற்றது எது செய்தது என்று அம்மா உயிரோடு இருந்தால் அவளுக்கே தெரியக் கூடாது. இருபது வருஷமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கால் செய்தவள், சொந்தத் தம்பிக்குச் செய்ய மாட்டேனா?

ஆஸ்பத்திரியில் உனக்கு மாவுக்கட்டுப் போட்டு நான் எடுத்த அச்சு என் மேஜை மேல்தான் இருக்கிறது. பிப்ரவரி முடிவதற்குள் கால் உன் கையில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாயா, இல்லை வழக்கம்போல ஊருக்கு உபதேசம் மட்டும்தானா?

உறையின் மேலேயே ‘மொட்டை’ என்று எழுதிவிட்டாய். தபால்காரர் என்னிடம் முடிவெட்டிக்கொள்கிறவர். ‘முடிவெட்டுற ஆளுக்கு வெச்சாங்க பாரு பேரு’ என்று விழுந்து விழுந்து சிரித்தார். பேன் தொல்லை தாங்காமல் அப்பா ஒரு தடவை மழித்த தலை, நாற்பது வயதிலும் என்னை விட மாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடி குப்புறப் படுக்கிறேன். தரையில் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டே நேரம் போகிறது. எறும்புக்கு எத்தனை கால் பார், ஒன்று போனாலும் கவலையில்லை.

கடையை என் கூட்டாளி பார்த்துக்கொள்கிறான். அவன் நாற்காலியில் ஆள் இருக்கிறது. என் நாற்காலியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறானாம். ‘அண்ணன் வரட்டும்’ என்று சிலபேர் வெட்டிக்கொள்ளாமலே காத்திருக்கிறார்களாம். பாவம், வீட்டில் என்ன திட்டு வாங்குகிறார்களோ.

எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை அக்கா. நிற்க வேண்டும். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு தலை முடிந்தது, அவ்வளவுதான் என் நடை. அதற்குக் குழாய்க் கால் இருந்தால்கூடப் போதாதா? பேன்ட்டுக்குள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? உனக்குத் தெரியாததா, பார்த்துச் செய்.

உன் தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இடுப்பும் பரவாயில்லை. மீதிக் காலில் அரிப்பு இருந்தால் சொறியாதே, ஈரத்துணியால் ஒற்று.

பிப்ரவரி என்று சொன்னேன், சொன்னபடி செய்தும் முடித்தேன். ஆனால் அனுப்பவில்லை. கெண்டைக்கால் வளைவு எனக்குப் பிடிக்கவில்லை. பார்த்தால் குறை தெரியாது, கை வைத்துத் தடவினால் தெரிகிறது. முன்னெலும்பு உட்காரும் இடத்திலும் ஒரு நூல் அளவு சந்தேகம். பட்டறை மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, ‘இதுக்கு மேல என்னம்மா வேணும், கட்டி அனுப்பு’ என்றார். அவருக்கென்ன, அவர் தம்பியா? கழற்றிப் போட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரியை விட்டு மீதிக் காலை மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதச் சொல். முழங்காலுக்குக் கீழே, நடுவில், நுனியில். காலையில் எழுந்ததும் அளக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

குழாய்க் கால் பேச்சை எடுக்காதே. நான் இருக்கும்போது உனக்கு என்ன தலையெழுத்தா?

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அளவுகளைத் தனித்தாளில் அவளே எழுதியிருக்கிறாள். ஜனவரியில் நீ எழுதிவைத்த அளவைவிட எல்லாம் குறைந்திருக்கிறதாம். நான் இளைத்ததை ஒருவழியாக ஒருத்தி அளந்தாவது பார்த்தாளே.

உனக்கு ஒரு கதை சொல்கிறேன். நான் தொழில் பழகின புதிதில் ஒருவர் வந்தார், மறுநாள் அவருக்குக் கல்யாணம். இரண்டு பக்கக் கிருதாவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். வலது பக்கம் துளி நீளமாகத் தெரிந்தது, எடுத்தேன். இப்போது இடது பக்கம் நீளம். அதை எடுத்தேன். மறுபடி வலது. அவரும் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்கிறார். கடைசியில் காதுக்கு மேலே வரைக்கும் போய்விட்டது. மனிதர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ‘என்னப்பா, கல்யாணத்துக்கு வெட்டச் சொன்னா காரியத்துக்கு அனுப்புற’ என்றார். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், கத்திரியை எப்போது கீழே வைப்பது என்பதும் தொழில்தான் என்று. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

என் நாற்காலியில் வேறு ஆளைப் போடலாமா என்று கூட்டாளி கேட்டான். ஏப்ரல் வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே அக்கா?

உன் தம்பி

ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் நிறையக் குடி.

கிருதாக் கதையைப் பட்டறையில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவு குறைந்துவிட்டதால் இரண்டாவதாகச் செய்த கிண்ணமும் உனக்குத் தளர்ந்துவிடும். ‘மீதிக் கால்ல காலுறை ரெண்டு சேத்துப் போட்டா ஆச்சு, ஊருக்கெல்லாம் அப்படித்தானே குடுக்கிறோம்’ என்கிறார் மேஸ்திரி. நான் சண்டை போட்டுவிட்டேன். துணியை அடைத்துச் சரிக்கட்ட அது என்ன, ஆடுகிற மேஜையா? அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற கம்பவுண்டரை வைத்துப் புதிதாக அச்சு எடுத்துப் பார்சலில் அனுப்பு. கூடவே உன் நல்ல காலை வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நிழலில் எடுத்தால் நிறம் பொய் சொல்லும்.

ஏப்ரலுக்குள் ஆகாது. மே என்று கூட்டாளியிடம் சொல். அவசரப்பட்டுக் கொடுத்துக் காலமெல்லாம் நீ நொண்டக் கூடாது பார்.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம். அச்சையும் படத்தையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அச்சு எடுக்கும்போது கம்பவுண்டர் காலை நன்றாக நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

கூட்டாளி புது ஆள் போட்டுக்கொண்டான். அவன் பேரில் தப்பு இல்லை.

தம்பி

மே 20

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? என்னடா, தந்தி அடித்த மாதிரி கடிதம்? வெயிலில் எழுதச் சோம்பலா? புது ஆள் வந்தால் என்ன, நீ போய் நின்றதும் கூட்டம் தானாக உன் பக்கம் வரும். உன் கை யாருக்கு வரும்?

நிறம் கிடைத்துவிட்டது! பால் விட்ட டீக்கும் விடாத டீக்கும் நடுவில் ஒரு நிறம். கலந்து கலந்து, வெயிலில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கழுவி, மறுபடி கலந்து, ஒருவழியாக நேற்றுத்தான் பிடித்தேன். விரல் நகங்களைத் தனியாகச் செய்து ஒட்டியிருக்கிறேன். பெருவிரல் நகம் ஓரத்தில் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும் உனக்கு, அதைக்கூட விடவில்லை. பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்து, ‘ஐயோ, உயிர் இருக்கிற மாதிரி இருக்குக்கா’ என்று பின்வாங்கிவிட்டாள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. சின்ன வயதில் என் சைக்கிள் சங்கிலி கடித்து உனக்கு ஒரு தழும்பு இருந்ததே, அது முன்னெலும்புக்கு வலப்பக்கமா இடப்பக்கமா? கண்ணை மூடினால் தழும்பு தெரிகிறது, பக்கம் தெரியவில்லை. உடனே எழுது. அதையும் போட்டுவிட்டு நானே கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தினமும் குப்புறப் படுக்கிறாய்தானே? இப்போதெல்லாம் அதைப்பற்றி ஒன்றுமே எழுதுவதில்லை.

அக்கா

ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

மேயிலும் ஜூனிலும் நீங்கள் போட்ட இரண்டு கடிதங்களையும் அவர் பிரிக்கவில்லை. ஜன்னல் மேல் கிடந்தன. இன்றைக்கு நான் பிரித்தேன். இரண்டிலும் தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். இடது பக்கம் என்று நினைக்கிறேன். அதைக் கேட்கவா அண்ணி எழுதினீர்கள்?

புது ஆள் வந்ததும் கடையிலிருந்து அவருடைய நாற்காலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் போட்டிருக்கிறோம். காலையில் அதில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுவதில்லை. காலைத் தொங்கவிட்டபடியே இருக்கிறார். பலகை வைத்தால் எடுத்து அப்பால் வைக்கிறார். தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை. நான் சண்டை போட்டால், ‘அக்கா காலை அனுப்பட்டும், அன்னிக்கு நீட்டிக்கிறேன்’ என்கிறார். அச்சு எடுத்தபோதே கம்பவுண்டர் கீழே அழுத்திப் பிடித்துத்தான் எடுத்தார். அதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. மார்ச் மாதத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் இலவசமாகக் கால் கொடுத்தார்கள், நீங்கள் சொல்லும் குழாய்க் கால்தான். நான் வண்டி பேசி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ‘வேற யாரோ குடுத்த காலைப் போட்டுக்கிட்டா அக்கா மனசு விட்டுப்போயிடும்’ என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் கால் நேராக நீண்டது அண்ணி. நான் என் கண்ணால் பார்த்தேன்.

எப்படி இருந்தாலும் சரி, ஒரு காலை அனுப்புங்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 14

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

சனிக்கிழமை அவள் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை கால் முடிந்துவிட்டது. பார்சலில் இருப்பது அதுதான். கிண்ணத்தின் விளிம்பைக்கூட முழுதாகத் தேய்க்கவில்லை. குழாய் வெறும் குழாய். அலமாரியில் நின்ற அந்த அசல் காலிலிருந்து பாதத்தை மட்டும் கழற்றி இதில் மாட்டியிருக்கிறேன். கூடவே காலுறைகள் இருக்கின்றன. தளர்வாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள். மேஸ்திரி சொன்னதுதான். ஏப்ரலிலேயே சொன்னார்.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் இருந்தது இவ்வளவுதானா என்று முடித்த பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் உள்ளவர்கள் காலையெல்லாம் அந்தந்த வாரமே முடித்துக் கொடுத்தேன். அவர்கள் கோணல் மாணலாக நடந்து போனார்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன்னை மட்டும் அப்படி என்னால் பார்க்க முடியவில்லை. உனக்குச் செய்கிறேன் செய்கிறேன் என்று உன்னை உட்கார வைத்துவிட்டேன்.

ஏன்டா என்னைத் திட்டி ஒரு வரி எழுதவில்லை?

பயிற்சி கொடுக்கிற அம்மா யாராவது அங்கே இருந்தால் உடனே போய்ப் பார். கோபித்துக்கொள், ஆனால் போ.

அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், பாதி எழுத்து கரைந்துபோயிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

கால் வந்தது. காலுறை ரெண்டு போட்டதும் கிண்ணம் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கேயும் குத்தவில்லை, வலிக்கவில்லை. அவசரத்தில் செய்தேன் என்று எழுதியிருந்தாய். அவசரத்தில் செய்ததே இப்படி இருக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பாதம் தரையில் படவில்லை. முழங்கால் மடங்கியபடியே நிற்கிறது, குழாய் பின்பக்கமாகப் போய் நாற்காலியில் இடித்தது. அவள் முழங்காலை அழுத்திப் பார்த்தாள், நானும் அழுத்தினேன். இரண்டு பேரும் வியர்த்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் போனோம். நல்ல மாதிரி. ரெண்டு வாரம் பார்த்தார். அப்புறம், ‘நரம்பெல்லாம் இறுகிப்போச்சுங்க. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா ஓடவே வெச்சிருப்பேன்’ என்றார். அறுத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை அந்த மேஜையில் படுக்க என்னால் ஆகாது அக்கா.

‘உங்களுக்குக் கால் செய்யிறவங்க இதை முதல்லயே சொல்லலியா?’ என்று அந்த அம்மா கேட்டார். ‘சொன்னாங்க, நான்தான் கேக்கல’ என்றேன். அது நிஜம்தானே. ‘யாரு அவங்க?’ என்றார். தூரத்தில் யாரோ ஒருத்தர் என்று சொல்லிவிட்டேன்.

நாற்காலியை விற்றுவிட்டோம், கூடத்தில் இடமே இல்லை. கத்திரிகளைக் கூட்டாளியிடமே கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 15

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

ஒரு வழி இருக்கிறது. இதுவரை யாருக்காவது இதைச் செய்ய வேண்டி வந்தால் நான் அடுத்தவர் மேஜைக்குத் தள்ளிவிட்டுவிடுவேன். மடங்கின முழங்காலை மடங்கினபடியே ஒரு தொட்டியில் உட்கார வைத்து, நேர் கீழே குழாயை இறக்குவது. முழங்கால் போட்டு நிற்கிற மாதிரி இருக்கும். மீதிக் கால் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், பேன்ட் தைக்கிறவன் தலையில் அடித்துக்கொள்வான். பார்க்க அசிங்கம். மழுப்பிச் சொல்லவில்லை, அசிங்கம்தான். ஆனால் நிற்கலாம். கைத்தடி வைத்துக்கொண்டு பத்தடி இருபதடி போகலாம். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

அளவு எடுக்க நான் வர வேண்டும். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். பட்டறையை அங்கேயே கொண்டுவந்து கூடத்தில் வைத்துச் செய்து, மாட்டிவிட்டுத்தான் திரும்புவேன். அழகாக இருக்கிறதா என்று இந்தத் தடவை பார்க்கவே மாட்டேன், சத்தியமாக.

கடையை விட்டுவிட்டேன் என்று எழுதாதேடா. திரும்பப் போகலாம். கத்திரியைத் திருப்பி வாங்கு.

அக்கா

செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது, எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் திட்டவில்லை என்று கேட்டிருந்தாய். கோபம் இருக்கிறது, இல்லை என்றால் பொய். மார்ச்சில் வந்து நின்ற அந்த வண்டியில் ஏறியிருந்தால் இந்நேரம் கடையில் நின்றிருப்பேன் என்று தினமும் காலையில் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கோபத்தில் பாதி உன் மேல், பாதி என் மேல். நீ பார்த்துப் பார்த்துச் செய்கிறாய் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. என் அக்கா செய்கிற காலைப் பார் என்று கடையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன். காத்திரு என்று நீ சொன்னாய், எனக்கும் அது இனித்தது.

இனி கடை வேண்டாம் அக்கா. அவள் தையல் எடுத்து வருகிறாள், நான் பொத்தான் கட்டுகிறேன், கை சும்மா இல்லை. கத்திரியைப் புது ஆள் வைத்திருக்கிறான், நன்றாக வெட்டுகிறானாம். போய்ப் பிடுங்க மனம் வரவில்லை. நாற்காலியைச் சுற்றி வருவது பற்றி இனி எழுதாதே, படிக்க முடியவில்லை.

ஆனால் நீ சொன்ன அந்த அசிங்கமான காலைச் செய்து கொடு. அளவெடுக்க வா. எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆனால் நீ அடிக்கடி வருவாய், வந்து நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தாங்க மாட்டாய். நீ வருகிற நாளில் மட்டும் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

உன் தம்பி